மக்கு என்று எழுதிய டப்பா

அவளுக்கு மக்கு என்று பெயர் வைத்தது அவளுடைய அக்கா. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டாள்; இவள் "தெரியல" என்று உள்ளதைச் சொன்னாள்; அதற்குக் கிடைத்த பட்டம் அது. பிறகு பல்கலைக்கழகம் கொடுத்த பட்டங்கள் இரண்டு உண்டு. இரண்டுக்கும் கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆனாலும் புழக்கத்தில் இருப்பது என்னவோ முதல் பட்டம். "மக்கு, கதவைத் திற." "மக்கு சாப்பிட்டாளா?" சொல்லிச் சொல்லிக் கேலியெல்லாம் தேய்ந்துபோய், சொல்கிறவர்களுக்கு அது வெறும் கூப்பிடு சத்தம். கேட்கிறவளுக்கு மட்டும் அவ்வப்போது சுருக்கென்று இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்த இடம், மக்கிப் போகிற பிளாஸ்டிக் செய்யும் ஆய்வுக்கூடம். சேதி கேட்ட அக்கா தொலைபேசியில் பேச முடியாமல் சிரித்தாள். "உனக்குன்னே ஒரு துறை ஆரம்பிச்சிருக்காங்கடி" என்றாள்.

வேலையைச் செய்வதுகூடப் பரவாயில்லை, வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடு. இறால் ஓட்டிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடி குப்பிகளில் வரும். கைட்டோசான் என்று பெயர். அதைப் புளித்த வாடை வீசும் லேசான அமிலத்தில் போட்டுக் காலை முழுக்கக் கலக்கினால் கஞ்சி மாதிரி குழைந்துவரும். வளைந்துகொடுப்பதற்காகக் கொஞ்சம் கிளிசரின். தட்டில் ஊற்றி, மிதமான சூட்டில் ஓவனில் காயவைத்து, ஓரத்தில் இடுக்கியால் நெம்பினால் வெங்காயத்தின் உள்தோல் போல ஒரு படலம் உரிந்துவரும். அதன்மேல் கரும்பச்சையாக இன்னொரு பிளாஸ்டிக்கை மெல்லப் பூச வேண்டும். அது மின்சாரம் ஓடுகிற பிளாஸ்டிக். அம்மோனியா பட்டால் மின்சாரத்துக்கு வழிவிட முரண்டு பிடிக்கும். மீட்டரில் எண் ஏறும். நல்ல காற்று பட்டால் எண் பழையபடி இறங்க வேண்டும். விரல் நீளத்துக்கு வெட்டிய இந்தப் பட்டையைக் காயக்கட்டுக்குள் வைத்துவிட்டால், சீழ் பிடிக்கத் தொடங்கும் புண்ணிலிருந்து கிளம்பும் வாயுவை அது மோந்து சொல்லும்; கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்; வேலை முடிந்ததும் தானே மக்கிவிடும். ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியையின் கனவு அது.

அப்பாவிடம் இதையெல்லாம் ஒருநாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா முப்பத்தோரு வருடம் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அங்கே குளிரூட்டுகிற குழாய்களில் ஓடுவதும் அம்மோனியாதான். கேட்டு முடித்தவர், மறுநாள் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, "என் பொண்ணு மோப்பம் பிடிக்கிற காகிதம் செய்றா. ஐஸ் ஃபேக்டரிக்காரங்க எல்லாம் க்யூவுல நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். திருத்தப் போனால் இன்னும் கூடும் என்று அவள் விட்டுவிட்டாள்.

குழப்பம் எண்ணிலிருந்துதான் ஆரம்பித்தது. அம்மோனியா காட்டினால் எண் ஏறியது, அதில் குறை சொல்ல முடியாது. நல்ல காற்றுக்குத் திரும்பினால் இறங்கவும் செய்தது. ஆனால் கிளம்பின இடத்துக்கு வந்து சேரவில்லை. நூறில் தொடங்கியது நூற்றுப்பத்தில் நிற்கும். மறுநாள் காலையில் நூற்றுப் பதினெட்டு. அதற்கும் மறுநாள் நூற்றுமுப்பது. வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பிடித்துவைத்துக்கொள்கிறதா, அல்லது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஊறி, வாயு வந்தாலும் வராவிட்டாலும் தன்பாட்டுக்கு மக்க ஆரம்பித்துவிட்டதா? மோந்து சொல்கிறதா, சாகும்போது முனகுகிறதா? மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

"ரெண்டுலயும் ஏறுதுதானே, ஏறினா சரி" என்றான் மீட்டர் அண்ணன். அவளுக்கு மூன்று வருடம் மூத்த ஆராய்ச்சி மாணவன்; ஆய்வுக்கூடத்திலிருந்த ஒரே நல்ல மீட்டரைத் தன் சொத்து மாதிரி காவல் காப்பதால் வந்த பெயர்.

"ஏன் ஏறுதுன்னு கேட்டா?"

"கேட்டா யோசிக்கலாம். கேக்குறதுக்கு முன்னாடியே ஏன் மண்டையை உடைச்சுக்கிற?"

அவளால் அப்படி இருக்க முடியவில்லை. மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மருத்துவமனையில் ஆறாத புண்களைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் வருகிறார். அவர் சரி என்றால் பட்டை மருத்துவமனைக்குப் போகும். பட்டை போனால் அவளுக்கு இன்னொரு வருடம். இல்லையென்றால் சுவரில் இருக்கும் இரண்டு கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஆகவே அவளே ஒரு சோதனை வைத்தாள். பன்னிரண்டு பட்டைகள். ஆறுக்குத் தினமும் பத்து நிமிடம் அம்மோனியா. மற்ற ஆறும் சும்மா இருக்க வேண்டும். அதே ஈரம், அதே சூடு, வாயு மட்டும் கிடையாது. பதினான்கு நாள் திறக்கவே கூடாது, திறந்தால் ஈரம் மாறிவிடும். பதினான்காம் நாள், வியாழக்கிழமை காலை, திறந்து அளந்தால் கதை தெரிந்துவிடும். சும்மா இருந்த ஆறிலும் எண் ஏறியிருந்தால் அது மக்குவதால். ஏறவில்லை என்றால் வாயுவால். இருபத்தாறு வயதில் ஒரு கேள்விக்கு விடை எந்த நாளில், எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது அதுதான் முதல் தடவை.

இறுக மூடுகிற டப்பா தேவைப்பட்டது. அப்பா ஃபேக்டரிக்குச் சாப்பாடு கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தாள். ஈரம் ஒரே அளவில் நிற்க, பாட்டில் மூடி ஒன்றில் கரைந்தது போக உப்பு மிச்சம் நிற்கும் தண்ணீர் வைத்தாள். ஆறு பச்சைப் பட்டைகளையும் கம்பி வலையில் படுக்க வைத்து மூடினாள். ஆய்வுக்கூடத்து விதிப்படி எந்தப் பெட்டியிலும் அதன் ஆளுடைய பெயர் இருக்க வேண்டும். அவளுடைய பெயரிலேயே அங்கே இன்னொருத்தி இருந்தாள்; இரண்டு முறை பெட்டி மாறிப் பெரிய சண்டையாகியிருந்தது. "உன் வீட்டுப் பேரை எழுதித் தொலையேன்" என்று மீட்டர் அண்ணன்தான் யோசனை சொன்னான். வீட்டுப் பேர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அரைநாள் சிரித்தவனும் அவன்தான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று, டப்பா மூடிமேல் கறுப்பு மையில் பெரிதாக எழுதினாள்: மக்கு.

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது, கழுவும் தொட்டிக்குப் பக்கத்துத் தட்டில் அப்பாவின் டப்பா கவிழ்ந்து கிடந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. மூடியில் எழுத்து இருந்ததற்கு அடையாளமே இல்லை. அவள் அதை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள், மறுபடி கவிழ்த்தாள், மறுபடி நிமிர்த்திப் பார்த்தாள்.

துப்புரவுக்காரம்மா நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த டப்பாவுல இருந்தது..."

"கொட்டிட்டேம்மா. நேத்து சாயங்காலம். என்ன பொண்ணு நீ, எத்தனை நாளா சாப்பாட்டை அப்படியே வச்சிருந்தே? பச்சைப் பச்சையா பூஞ்சை ஏறி, உப்புத்தண்ணி விட்டுக் கிடந்துது. மூணு தரம் தேச்சேன்."

"அது சாப்பாடு இல்லம்மா. மூடியில எழுதியிருந்தேனே."

"படிச்சேனே." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அதைப் படிச்சுத்தான் பச்சைத் தொட்டியில கொட்டினேன். போன வாரம்தான் எங்க எல்லாரையும் உக்கார வச்சு வகுப்பு எடுத்தாங்க. மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காத குப்பை நீலத் தொட்டி. மாத்திப் போட்டா பேரை எழுதிக்குவாங்களாம். நீ பாதிதான் எழுதியிருந்தே. சரி, அவசரத்துல 'ம்' விட்டுப்போச்சு போலன்னு நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "அது என் பேரும்மா" என்றாள்.

துடைப்பதை நிறுத்தி அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மக்குவா? யாரு வச்சது?"

"அக்கா."

"நல்ல அக்கா" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "முக்கியமானதாம்மா? மேடம்கிட்ட சொல்லிடுவியா?"

"பச்சைத் தொட்டியை எப்போ எடுப்பாங்க?"

"பத்து மணிக்கு."

கட்டடத்துக்குப் பின்னால் தொட்டிகள் வரிசையாக நின்றன. இருவருமாகப் பச்சைத் தொட்டியைச் சாய்த்து ஒரு பழைய படுதாவில் கொட்டினார்கள். டீத்தூள், முட்டை ஓடு, மீன் முள், சாறு பிழிந்த எலுமிச்சைத் தோல்கள், கேன்டீனில் மிஞ்சிய சோறு. கையுறையோடு அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "இதுவா பாரு" என்று துப்புரவுக்காரம்மா எடுத்துக் காட்டியதெல்லாம் கீரைத்தண்டு. ஒன்பதரைக்குள் நான்கு பட்டைகள் கிடைத்தன. மற்ற இரண்டும் எலுமிச்சைச் சாற்றில் ஊறிக் கொழகொழவென்று கரைந்து, மேலே பூசிய பச்சை மட்டும் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது. மக்க வேண்டும் என்றுதானே செய்தோம், மக்கிவிட்டது, இதில் எதற்கு வயிறு எரிகிறது என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான்கையும் கழுவாமல், லேசாக ஒற்றி எடுத்து மீட்டரில் மாட்டினாள். ஒன்றில் எண் நான்கு மடங்கு ஏறியிருந்தது. இன்னொன்றில் ஒன்றரை மடங்கு. மூன்றாவதில் பாதியாக இறங்கியிருந்தது. நான்காவதில் எண்ணே வரவில்லை.

"மீன் முள்ளுப் பக்கம் கிடந்தது ஏறியிருக்கும். அழுகினா அந்த வாயு வருமே" என்றான் மீட்டர் அண்ணன். "எலுமிச்சைப் பக்கம் கிடந்தது இறங்கியிருக்கும். புளிப்பு பட்டா அப்படித்தான் ஆகும். அப்போ உன் பட்டை நல்லாவே மோந்திருக்கு."

"இல்ல, ஈரத்துல ஊறிப்போயும் ஏறியிருக்கலாம்."

"அப்படியும் இருக்கலாம்."

"எதுன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்ல வேண்டாம். நாளைக்கு வாயு காட்டின ஆறை மட்டும் போடு. படம் அழகா ஏறுது. சும்மா இருந்த ஆறு பத்தி யாரும் கேக்கப் போறதில்ல. அது பொய் ஒண்ணும் இல்லையே."

பொய் இல்லைதான். ஆனால் உண்மை என்று அதைச் சொல்ல வாய் வருமா? படித்தவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் படித்தவர்கள் யாரும் கிடையாது. தெரியவில்லை என்று சொல்வதற்கு மூன்றாம் வகுப்பில் என்ன கிடைத்தது என்பது மட்டும் தெரியும். இத்தனை வருடம் படித்தது அந்த ஒரு சொல்லை மறுபடி சொல்லாமல் இருப்பதற்குத்தானோ என்றுகூடத் தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் அப்பா நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருட அம்மோனியா அவருடைய மூக்கை ஓய்வுக்கு முன்பே ஓய்வு வாங்க வைத்திருந்தது. அம்மா மாடியிலிருந்து துணியோடு இறங்கி வந்து, "பாலைப் பாத்துக்கங்கன்னு சொன்னேன்ல" என்றாள்.

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அது பொங்கவே இல்ல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, ஃபேக்டரியில கசிஞ்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு எரியும். அதோட சுவத்துல ஒரு மணி இருந்தது. கசிஞ்சா அடிக்கும். மழை பேஞ்சாலும் அடிக்கும்."

"எதுக்கு அடிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்கிறதா? அடிச்சா வெளியே ஓடுவோம். மழையா இருந்தா நனைவோம்."

"அது எனக்கு உதவாதுப்பா."

"எங்களுக்கே உதவலையே" என்று அவர் தாளைத் திருப்பினார். கொஞ்சம் கழித்து, "அந்த டப்பா எங்கே? பத்திரமா வச்சிருக்கியா?" என்றார்.

"புதுசு மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். நீளமான மேசை, ஒரு பக்கம் பேராசிரியை, எதிரில் டாக்டர், ஓரத்தில் கணினி ஒயரைப் பிடித்தபடி மீட்டர் அண்ணன். டாக்டர் பொழுது விடிந்ததிலிருந்து நின்றே இருந்தவர் போல நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். வாயு காட்டின ஆறு பட்டைகளின் கோடுகள் திரையில் அழகாக ஏறின. டாக்டர் தலையாட்டினார். பேராசிரியையின் முகம் மலர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இது வாயுவாலதான் ஏறுதான்னு எனக்குத் தெரியல" என்றாள் அவள்.

பேராசிரியை மெதுவாக, "சும்மா வச்ச ஆறு இருக்கே, அதைக் காட்டுங்க" என்றார்.

"அது குப்பைக்குப் போயிடுச்சு மேடம். டப்பாவுல நான் எழுதினது தப்பாப் போச்சு."

"என்ன எழுதினீங்க?"

மீட்டர் அண்ணன் குனிந்து ஒயரை ஆராய்ந்தான். அவள் சொன்னாள். பெயர் வந்த கதையையும் சொல்ல வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் புரியாது. டாக்டர் முதலில் இருமினார். பிறகு அது இருமல் இல்லை என்று தெரிந்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. குப்பையிலிருந்து எடுத்த நான்கின் எண்களையும் அவள் திரையில் போட்டாள். ஒன்று மேலே, ஒன்று நடுவே, ஒன்று கீழே, ஒன்று இல்லை. அவள் பார்த்ததிலேயே அசிங்கமான படம் அதுதான்.

சிரித்து முடித்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதினாலு நாள்னு ஏன் வச்சீங்க?"

"கட்டு அவ்வளவு நாள் இருக்கும்னு..."

"யார் சொன்னா?"

அவள் பேராசிரியையைப் பார்த்தாள். பேராசிரியை மீட்டர் அண்ணனைப் பார்த்தார். அவன் ஒயரைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

"நாங்க மூணு நாளைக்கு ஒருதரம் கட்டை மாத்திடுவோம்" என்றார் டாக்டர். "மூணு நாள்ல இது எவ்வளவு ஏறுது?"

"வாயு காட்டினதுல நூறு நூத்திமுப்பது ஆகுது சார். சும்மா இருந்தா எவ்வளவுன்னு தெரியல."

"எடுத்த கட்டை நாங்க எரிக்கத்தான் கொடுப்போம். சீழ் பட்டதைக் குப்பையில போட முடியாது. அப்போ இது எதுக்கு மக்கணும்?"

"பிற்பாடு உடம்புக்கு உள்ளேயே வைக்கிற மாதிரி..." என்று பேராசிரியை ஆரம்பித்தார். "ஆபரேஷன் பண்ணின இடத்துல வச்சுத் தச்சுட்டா, தானா கரைஞ்சிடும்."

"உள்ளே வைக்கிறது கரையணும், சரி. மேலே வைக்கிறது மூணு நாள் கரையாம நிக்கணும். நீங்க ரெண்டையும் ஒரே பட்டைகிட்ட கேட்டிருக்கீங்க" என்றார் டாக்டர். பிறகு அவளிடம், "அந்த நாலாவது, எண் வராதது, உடைஞ்சிருக்கா?"

"தெரியல சார்."

ஒரே கூட்டத்தில் மூன்று தடவை அந்தச் சொல்லைச் சொல்லியாயிற்று. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எந்தப் பட்டமும் கொடுக்கவில்லை. டாக்டர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மூணு நாள் கணக்கு வரட்டும், பார்க்கலாம்" என்று எழுந்தார். பேராசிரியை காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "மூணு மாசம் நீட்டிக்க எழுதித்தரேன். முதல்லேர்ந்து பண்ணுங்க. கரையாம நிக்கிறது ஒண்ணு, கரையறது ஒண்ணு, தனித்தனியா" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று அவள் எவ்வளவோ உற்றுக் கேட்டும் விளங்கவில்லை.

கேட்டது ஒரு வருடம். பயந்தது ஒன்றுமில்லாமல் போவது. கிடைத்தது மூன்று மாதம். இதை அம்மாவிடம் சந்தோஷக் குரலில் சொல்வதா, வேறு குரலில் சொல்வதா? தொலைபேசியைக் கையில் எடுத்து, மறுபடி பையில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை புதுப் பன்னிரண்டு பட்டைகள் தயாராயின. சும்மா இருக்க வேண்டிய ஆறையும் அப்பாவின் டப்பாவில் அடுக்கி, உப்புத்தண்ணீர் வைத்து, மூடினாள். கறுப்புப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு வெகுநேரம் நின்றாள். மக்கும் என்று எழுதினால் பச்சைத் தொட்டி. மக்காது என்று எழுதினால் நீலத் தொட்டி. பெயரை எழுதினால் பழைய கதை. கடைசியில், 'இது குப்பை இல்லை' என்று எழுதினாள்.

துப்புரவுக்காரம்மா வாளியோடு வந்தவர் நின்று, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "இது, குப்பை, இல்லை. சரி. எப்போ குப்பையாகும்?"

"தெரியலம்மா. அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்போ அதையும் எழுதிடு. இந்த வாரம் சாயங்காலம் வேற ஆள் வருவா."

அவள் பேனாவை மறுபடி திறந்தாள். முதல் வரிக்குக் கீழே இடம் குறைவாகத்தான் இருந்தது. எழுத்தைச் சிறிதாக்கி எழுதினாள்: எப்போது ஆகும் என்று தெரியாது. கீழே, ஒரு கணம் யோசித்துவிட்டு, மக்கு என்று கையெழுத்துப் போட்டாள்.

"அந்தக் கடைசி வார்த்தைதாம்மா வம்பு" என்றார் துப்புரவுக்காரம்மா. அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கோணல்மாணலாகத் தன் கையாலேயே எழுதினார்: ஆள் பேர்.